சத்தம் போடக் கூடாத ஏரி

என் தாய்மாமாவுக்குப் பெண் கொடுக்க மறுத்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். பையன் தங்கமான பையன், குடி கிடையாது, ஆளும் வாட்டசாட்டம். ஆனால் மழை பெய்தால்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கும். புதூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும் போட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் ஆடு மேய்க்கிறவருக்கு வேறு என்ன பேர் கிடைக்கும்? தரகர் ஒருவர் எங்கள் வாசலிலேயே நின்று, "மானாவாரி மாப்பிள்ளைய வச்சிக்கிட்டு நான் எந்த வீட்டுப் படிய ஏற?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அம்மா அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அந்த ஆத்திரத்தில்தான் மாமா சம்பள வேலை தேடிக் கிளம்பினார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது, நூல் மில் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு கொடைக்கானல் மலைப் பக்கம் போய், படகு வலிக்கிற வேலையில் சேர்ந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊர்க் கண்மாயில் நீச்சல் பழகுகிற அளவுக்குத் தண்ணீர் நின்றிருந்தால் அல்லவா தெரிவதற்கு!

மலைமேல் பணக்காரர்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட ஒரு குடியிருப்பு அது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறவர்கள் அங்கே வீடு வாங்கிப் போட்டிருந்தார்கள். வீடுகளுக்கு நடுவே மேல் ஏரி ஒன்று, கீழ் ஏரி ஒன்று. இரண்டும் குடியிருப்புக்கே சொந்தம், வெளியாள் கால் நனைக்க முடியாது. வீட்டுக்காரர்கள் வரும்போது படகில் உட்கார்ந்து சத்தமில்லாமல் ஒரு சுற்றுப் போய் வருவார்கள். மோட்டார் கிடையாது, பாட்டு கிடையாது, பேச்சுகூட ரகசியம்தான். சத்தம் பிடிக்காமல்தானே அவ்வளவு உயரத்துக்கு ஏறிப் போயிருக்கிறார்கள். படகைக் கழுவி, இலை தழை பொறுக்கி, கேட்கிறவர்களுக்குத் துடுப்பு வலிப்பதுதான் மாமாவின் வேலை. அம்மாவோ, தன் தம்பி ஒரு ஏரிக்கே பொறுப்பு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

லீவில் வந்த மாமா எங்களைப் பயமுறுத்தினார். முன்பெல்லாம் அவர் போடுகிற ஒரு சீழ்க்கையில் மூன்று காடு தள்ளி நிற்கிற ஆடு திரும்பும். இப்போது கதவைச் சாத்தினால் சத்தம் வரவில்லை. செம்பைக் கீழே வைத்தால் சத்தம் வரவில்லை. "அக்கா, கொஞ்சம் மோர்" என்று அவர் கேட்டது பக்கத்தில் இருந்த அம்மாவுக்கே கேட்கவில்லை.

"வாயில என்னலே, புண்ணா?" என்று அம்மா அவர் தாடையைப் பிடித்துத் திறந்து பார்த்தாள்.

எங்கள் பக்கத்தில் மெதுவாகப் பேசினால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம். காடு அகலமானது, காற்று விடாமல் அடிக்கும், மறிக்க ஒரு மேடு கிடையாது. எதிரில் நிற்கிறவரிடம்கூட அடுத்த காட்டில் நிற்கிறவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவோம்.

சம்பளம் வந்ததும் சம்பந்தமும் வந்தது. எட்டயபுரம் போகிற வழியில் ஓர் ஊர். பெண்ணின் அப்பா செம்மறி மந்தை வைத்திருப்பவர். தன் மகள் ஆட்டுப் புழுக்கையில் கால் வைக்கக் கூடாது, மாதச் சம்பளக்காரன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மாமாவைப் பிடித்துப்போனது. ஆனால் ஏரியை நம்ப முடியவில்லை. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவது வழக்கம். இவர்கள், வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மாப்பிள்ளை வேலை பார்க்கிற தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாமா மேனேஜரின் கையைக் காலைப் பிடித்தார். வீட்டுக்காரர்கள் வராத நாளாகப் பார்த்துக் காலையில் ஒரு சுற்று மட்டும் போகலாம், கீழ் ஏரியோடு சரி, அதிலும் மரம் கவிந்த மூலைப் பக்கம் போக வேண்டாம், சின்னச் சத்தம் வந்தாலும் வேலை போய்விடும் என்று மேனேஜர் உத்தரவு கொடுத்தார். காரணம், நீலக் கூரை போட்ட வீட்டில் ஒரு பெரியவர் வருஷம் பூராவும் அங்கேயே இருந்தார். மாமா பிளாஸ்டிக் வாளியைக் கீழே வைத்த சத்தத்துக்கே போன் போட்டுப் புகார் சொன்னவர் அவர்.

ஐப்பசி மாதம். கோழி கூப்பிடுமுன்பே கோவில்பட்டியில் வேன் பிடித்தோம். அப்பா ஆடுகளோடு ஊரில் தங்கிவிட்டார். எங்கள் பக்கம் அம்மாவும் நானும். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அவர்கள் பக்கம் பெண்ணின் அப்பாவும் பெண்ணின் பெரியம்மாவும். அந்த வீட்டில் எந்த முடிவும் பெரியம்மா வாயிலிருந்துதான் வரும் என்று தரகர் முன்னமே எச்சரித்திருந்தார். அந்த வாயோ திறக்கவே இல்லை. வேன் கிளம்பியதிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, நேராகப் பார்த்தபடி வந்தார். அம்மா கடலை மிட்டாய் நீட்டினாள், வேண்டாம் என்று தலையசைப்பு. மதுரையில் காபி, அதற்கும் தலையசைப்பு. சம்பந்தம் பிடிக்கவில்லை என்றே அம்மா முடிவு கட்டிவிட்டாள். பாவம், அவருக்கு வேன் ஒத்துக்கொள்ளாது, வாயைத் திறந்தால் வாந்தி வந்துவிடும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

குடியிருப்பு வாசலில் மாமா நின்றிருந்தார். வாட்ச்மேனும் அவரும் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். வேனிலிருந்து இறங்கிய பெண்ணின் அப்பா, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாருக்கு என்னய்யா ஆச்சு?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

"ஒண்ணும் ஆகல மாமா. இங்கன இப்படித்தான் பேசணும். கொஞ்சம் மெதுவா..."

"மெதுவாத்தானய்யா பேசுதேன்!"

எங்கோ ஒரு மரத்திலிருந்து பறவைகள் கிளம்பிப் போயின. மாமா கண்ணை மூடித் திறந்தார்.

எல்லோரையும் உட்கார வைத்து மாமா பாடம் நடத்தினார். அம்மா வாயைத் திறக்கக் கூடாது. நான் இங்கிலீஷ் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கூடாது. மாமாவின் வருங்கால மாமனார் கேட்க வேண்டியதைக் கரை ஏறிய பிறகு கேட்டுக்கொள்ளலாம். வாய் சும்மா இருக்காது என்று அம்மா ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தாள். அதைக் கடிக்கக் கூடாது, ஊற வைத்துத்தான் தின்ன வேண்டும் என்று மாமா கெஞ்சினார். பெரியம்மாவுக்கு மட்டும் அவர் எதுவும் சொல்லவில்லை. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவருக்கு எதற்கு உபதேசம்?

லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்தோம். படகு கரையை விட்டு நகர்ந்தது. நான் என் வாழ்நாளில் அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததில்லை. பயத்தில் மிட்டாயைக் கடித்துவிட்டேன். அந்த அமைதியில் அது ஓடு உடைகிற மாதிரி கேட்டது. மாமா என்னைப் பார்த்த பார்வையில் மிச்சத்தை அப்படியே விழுங்கினேன்.

பெண்ணின் அப்பாவால் பொறுக்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்த ரகசியக் குரலில், அதாவது அரைக் காட்டுக்குக் கேட்கிற மாதிரி, ஆரம்பித்தார்.

"இந்தத் தண்ணிக்கு எம்புட்டுப் பாசனம் இருக்கும்?"

"பாசனம் கெடையாது மாமா."

"பெறகு? ஆடு மாடு குடிக்குமா?"

"விட மாட்டாக."

"மீனு?"

"பிடிக்கக் கூடாது. இது சும்மா பாக்கதுக்கு."

"பாக்கதுக்கா? தண்ணிய?"

"போட்டுல போவாக மாமா."

"எங்க போவாக?"

"அங்கன போவாக. பெறகு இங்கன வந்திருவாக."

அவர் ஏரியைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். வாயைப் பிளந்தபடி அம்மாவைப் பார்த்தார். அம்மா, பேசக் கூடாது என்பதால், கண்ணாலேயே 'எனக்கும் அதே சந்தேகம்தான்' என்று சொன்னாள்.

அதோடு படகைத் திருப்பியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். மாமா திருப்பவில்லை. மேனேஜர் போக வேண்டாம் என்று சொன்ன மூலைக்கு, மரங்கள் கவிந்து நின்ற ஒரு வளைவைச் சுற்றிப் படகை வலித்துக்கொண்டு போனார். அங்கே, ராத்திரி பெய்த மழையில் மேல் ஏரி நிறைந்து, மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கைத் தாண்டி, மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று தண்ணீர் கல்லில் விழுந்து, நுரைத்து, நாங்கள் மிதந்துகொண்டிருந்த கீழ் ஏரியில் வந்து கலந்தது.

எங்கள் ஊர்க் கண்மாய் மறுகால் பாய்ந்து நான் பார்த்தது கிடையாது. அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்தாளாம். கண்மாய் நிறைந்து மறுகால் போனால் ஊரே அங்கே போய் நிற்கும், பெண்கள் குலவை போடுவார்கள், கிடா வெட்டுவார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பெண்ணின் அப்பா முதலில் செருப்பைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டினார். அவர் குனிந்து நிமிர்ந்ததில் படகு ஆடியது. அந்த ஆட்டத்தில் பெரியம்மா எழுந்து நின்றார். எலுமிச்சம்பழம் உருண்டு என் காலடியில் வந்து விழுந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். பிறகு வாயைத் திறந்தார்.

அவர் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் குலவைக்கு முன்குரல் கொடுப்பவர் அவர்தான் என்பதைத் தரகர் சொல்ல மறந்திருந்தார். அப்பப்பா! அது என்ன குரல்! எங்கள் ஊர் ஸ்பீக்கர் செட்டெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். ஒருத்தி குலவையை எடுத்தால் பக்கத்தில் இருக்கிறவள் சேராமல் இருக்கக் கூடாது, ஒற்றைக் குலவை ஆகாது. அம்மா மாமாவைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், மிட்டாயைத் துப்பிவிட்டுச் சேர்ந்துகொண்டாள். அம்மா போட்டால் நான் சும்மா இருப்பேனா? எனக்கு அப்போது முன்பல் விழுந்திருந்தது, பாதிக்குப் பாதி காற்றுதான் வந்தது. இருந்தாலும் போட்டேன்.

குலவை முடிந்தது. உடனே எதிர் மலையிலிருந்து ஒரு குலவை வந்தது.

எங்கள் ஊரில் மலை இல்லை. நாங்கள் போட்ட சத்தம் போன வழியே போய்விடும், திரும்பி வந்ததே கிடையாது. பெரியம்மா முகம் மலர்ந்துபோனது. "ஏ, அந்தக் கரையிலயும் பொம்பளைக நிக்காகடி!" என்றார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை. கொடையில் மேலத் தெருப் பெண்கள் குலவை போட்டால் கீழத் தெரு பதில் குலவை போட வேண்டும், கடைசிக் குரல் யாருடையது என்பது மானப் பிரச்சினை. பெரியம்மா சேலையைச் செருகிக்கொண்டு இரண்டாவதைப் போட்டார். எதிர்க்கரைப் பெண்களும் விடவில்லை. மூன்றாவதைப் போட்டோம். அவர்களும் மூன்றாவதைப் போட்டார்கள். "சளைக்க மாட்டேங்குதாளுகளே!" என்று அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் வாயைப் பொத்தச் சொல்லிக் கையைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் துடுப்புகளை மடியில் எடுத்து வைத்துவிட்டு, மறுகாலைப் பார்த்துக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்.

நீலக் கூரை வீட்டுப் பெரியவர் கையில் டீ கோப்பையோடு வெளியே வந்து நின்றார். கரை ஓரமாக மேனேஜர் ஓடி வந்தார். அவராலும் சத்தம் போட முடியாதே! அது அவரே போட்ட சட்டம். ஆகவே இரண்டு கையையும் வீசினார், குதித்தார், தொப்பியைக் கழற்றி ஆட்டினார். பெண்ணின் அப்பா, ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர் மறுகால் சந்தோஷத்தில் ஆடுகிறார் என்று எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தன் துண்டை அவிழ்த்துச் சுழற்றினார்.

கரை ஏறியதும் மேனேஜர் மூச்சு வாங்க, பல்லைக் கடித்துக்கொண்டு மாமாவிடம் ஏதோ கிசுகிசுத்தார்.

"என்ன சொல்லுதாரு?" என்றார் பெண்ணின் அப்பா. "சத்தமா சொல்லுங்க சார், எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம்."

மேனேஜர் மறுபடியும் கிசுகிசுத்தார். இவர் மறுபடியும் காதைக் கொண்டுபோய் நீட்டினார். மேனேஜருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "இவனுக்கு இங்க இனிமே வேலை இல்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

'வேலை இல்ல... இல்ல...' என்றது எதிர் மலை.

பெரியம்மா மலையைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். "அப்ப அது பொம்பளைக இல்லையா?" என்றார், பெரிய ஏமாற்றத்தோடு.

மாமா தன் பெட்டியையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு எங்களோடேயே வேனில் ஏறினார். மலை இறங்குகிறவரை யாரும் பேசவில்லை. மேனேஜர் ஆசைப்பட்ட அமைதி அப்போதுதான் வந்தது. எலுமிச்சம்பழம் மறுபடி பெரியம்மா மூக்குக்குப் போய்விட்டது. அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதாள். சம்பளத்துக்காக வந்த சம்பந்தம், சம்பளம் போன பிறகு எப்படி நிற்கும்? அடிவாரத்தில் ஒரு டீக்கடையில் வேனை நிறுத்தினார்கள்.

பெரியம்மா இறங்கி வாய் கொப்பளித்து, முகம் கழுவி, டீயை வாங்கி ஆற்றிக் குடிக்கிறவரை நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பெண்ணின் அப்பாதான் ஆரம்பித்தார். "வேலையும் போச்சு மதினி. பெறகு என்னத்தச் சொல்ல?"

"போனது என்னாலல்லா," என்றார் பெரியம்மா. "வேல போகும்னு அந்தப் பயலுக்குத் தெரியும். ஒரு வார்த்த, வாய மூடுன்னு சொன்னானா? கையெடுத்துக் கும்பிட்டுட்டு இருந்தான். இவன் வீட்ல நம்ம புள்ள வாயத் தொறந்து பேசிக்கிடலாம். குடுத்துருவோம்."

"சாப்பாட்டுக்கு?"

"ஆடு கெடக்குல்லா? மழ பெஞ்சா உளுந்து. இம்புட்டு நாளும் நாம மட்டும் எதத் தின்னோமாம்?"

அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தில் டீக்கடைக்காரருக்கே கடலை மிட்டாய் கொடுத்தாள். பெண்ணின் அப்பா மாமாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "மாப்ள" என்றார். மாமா சிரிக்க வேண்டியதுதானே? அவர் பெரியம்மா பக்கத்தில் போய்த் தயங்கி நின்றார்.

"அத்த, இன்னொரு மட்டம் குலவ போடுதீகளா?"

பெரியம்மா சுற்றிலும் பார்த்தார். ரோடு, டீக்கடை, லாரி. "இங்கன என்னத்துக்குய்யா? தண்ணியா போகுது?"

"சும்மாதான்," என்றார் மாமா. முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஏலே, இது போனா இன்னொரு வேல," என்று அம்மா அவர் தலையைத் தடவினாள். "அதுக்குப் போயி அழுவாகளா?"

"வேலைக்கு இல்லக்கா."

"பெறகு?"

மாமா மறுபடியும் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். வேலை போன அதிர்ச்சியில் மாமாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நான் நிச்சயமாக நம்பினேன். ஊருக்கு வந்து அப்பாவிடமும் அப்படித்தான் சொன்னேன். தை பிறந்து கல்யாணம் நடந்தபோது, புத்தி சரியில்லாதவருக்கு வாக்கப்பட்டு வருகிறாரே என்று அத்தைமேல் எனக்கு ரொம்ப நாள் பரிதாபம் இருந்தது. அத்தை வாய் ஓயாமல் பேசுவார். மாமா கேட்டுக்கொண்டே ஆட்டுக்குக் குழை ஒடிப்பார்.

நான் இப்போது பெங்களூரில், அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கிறேன். பேசினால் பக்கத்து வீட்டில் கேட்கும் என்று குரலைத் தணித்துப் பேசப் பழகிவிட்டேன். போன மழைக்கு, கட்டடத்துக்கு நடுவே இருக்கிற அலங்காரக் குளம் நிறைந்து, வழிந்து, படிக்கட்டில் இறங்கி ஓடியது. மாடியில் நான் மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் வாய் திறந்தது, நாக்கு மேலே எழும்பிவிட்டது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒருவர் போன் பேசிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்து, பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை நின்று முதல் குரலை எடுக்க மாட்டாளா என்று இருந்தது.

நாங்கள் போவதற்கு முன் மாமா அந்த மலையில் இரண்டு ஐப்பசி இருந்தார். இரண்டு தடவையும் அந்த மறுகாலைத் தனியாக, சத்தம் போடாமல் பார்த்திருக்கிறார்.